வாடகை ஏறுனா வார்டுல சீனியர் குறையுறாங்க

நர்சிங் முடிச்சுட்டு பெரிய சிட்டில வேலைக்கு போகப் போறேன்னு யாராவது சொன்னா முதல்ல வர்ற கேள்வி சம்பளம் எவ்வளவு, அடுத்தது ரூம் வாடகை எவ்வளவு, ரெண்டையும் கழிச்சுப் பாத்து கையில என்ன நிக்குதுன்னு ஒரு கணக்கு. கணக்கு தப்பில்லை, நானும் அப்படித்தான் போட்டேன். ஆனா அதுல ஒரு வரி விட்டுப் போயிடுது. செலவு அதிகமான ஊர்ல அந்த வாடகை உங்க பர்ஸை மட்டும் கடிக்கறதில்லை, நீங்க போய் நிக்கப் போற வார்டையும் கடிக்குது. உங்களுக்கு வேலை சொல்லித் தர வேண்டிய ஆளு, நீங்க சேர்றதுக்கு முன்னாடியே அந்த ஊரை காலி பண்ணிட்டு போயிருப்பாங்க. இது எப்படி நடக்குதுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும், பொறுத்துக்கங்க.

1860 ஜூலைல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பேர்ல ஜனங்ககிட்ட திரட்டுன நிதியை வச்சு ஒரு நர்சிங் ஸ்கூல் தொடங்குனாங்க, முதல் பேட்ச்ல 15 பேரு. அவங்களுக்கு படிப்பு மட்டும் இல்லை, தங்க ரூம், சாப்பாடு, யூனிஃபார்ம், கைச்செலவுக்கு கொஞ்சம் காசுன்னு எல்லாமே வேலை செய்யற இடத்துலயே கெடைச்சுது. அப்ப நர்ஸுன்னா மரியாதை இல்லாத வேலை, நல்ல குடும்பத்துப் பொண்ணுங்களை அனுப்பவே மாட்டாங்க, கேட்டுக்கு பூட்டு, உள்ள கண்டிப்பான ஒரு வார்டன்னு காட்டுனாதான் பெத்தவங்க சம்மதிப்பாங்கங்கற நெலமை. 1873ல நியூயார்க் பெல்வ்யூ ஆஸ்பத்திரிலயும் இதே பாணில ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அப்புறம் அந்த மாடல் உலகம் பூரா பரவிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு இதுல பெரிய லாபம் இருந்துச்சு, படிக்கற பிள்ளைங்களை வச்சே வார்டை ஓட்டிடலாம், ஆளு எப்பவும் கூப்பிடற தூரத்துல, சம்பளம் கம்மியா கொடுத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா சோறும் ரூமும்தான் இருக்கே.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, நர்சிங் படிப்பு ஆஸ்பத்திரியை விட்டு காலேஜுக்கு போச்சு, அது நல்லதுதான், கல்யாணம் ஆனா வேலையை விடணும்ங்கற மாதிரி ரூல் எல்லாம் போச்சு, அதுவும் நல்லது. கூடவே அந்த நர்சஸ் குவார்ட்டர்ஸும் போச்சு. சிட்டி நடுவுல இருக்கற நிலம், அதோட மதிப்புக்கு அங்க நர்ஸை தூங்க வைப்பாங்களா, பல ஊர்ல அந்தக் கட்டடங்கள் ஆபீஸாவும் கிளினிக்காவும் மாறுச்சு, சிலதை வித்தே போட்டாங்க. ரூமை எடுத்துக்கிட்டாங்க, ஆனா ரூம் இருந்தப்ப போட்ட சம்பளத்தோட மனநிலை அப்படியே நின்னுடுச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம். இது என் கருத்துதான், ஆனா எந்த நாட்டு நர்ஸ்கிட்ட சொன்னாலும் தலையாட்டுவாங்க.

சரி, செலவு அதிகமான ஊர்னா சம்பளமும் அதிகமா இருக்கணுமே, சாஃப்ட்வேர்ல அப்படித்தானே நடக்குது? நர்சிங்ல அது அவ்வளவு சுலபமா நடக்கறதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரின்னா சம்பளம் ஒரு அட்டவணைல இருந்து வருது, ஊரைப் பாத்து இல்லை. மேல கொஞ்சம் ஊர்ப்படி சேப்பாங்க, உதாரணத்துக்கு இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ல உள் லண்டன்னா அடிப்படைச் சம்பளத்துல 20 சதவீதம், வெளி லண்டன்னா 15, ஓரத்துல இருக்கற பகுதின்னா 5, அதுக்கும் மேல இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு உண்டு. லண்டன்ல வேலை பாக்கறவங்களுக்கு தனிப்படி கொடுக்கணும்ங்கற யோசனை 1920லயே அங்க அரசு ஊழியர்களுக்கு வந்தது, நூறு வருஷமா அதே மருந்துதான். ஆனா பெரிய சிட்டி வாடகை மத்த ஊரை விட 20 சதவீதம் கூடுதலோட நிக்குமா என்ன.

தனியார்ல போட்டி இருக்குமேன்னு கேப்பீங்க. பொருளாதாரத்துல மோனாப்சொனின்னு ஒரு வார்த்தை இருக்கு, 1933ல ஜோன் ராபின்சன் புழக்கத்துக்கு கொண்டு வந்தது, விக்கறவங்க நெறைய பேரு, வாங்கறவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோன்னா விலையை வாங்கறவங்கதான் முடிவு பண்ணுவாங்கன்னு அர்த்தம். இதுக்கு பாடப் புத்தகத்துல காலங்காலமா கொடுக்கற உதாரணமே ஆஸ்பத்திரியும் நர்ஸும்தான், நர்ஸோட உழைப்பை வேற யாரு வாங்குவா? பெரிய சிட்டில ஆஸ்பத்திரி நெறைய இருக்கறதால இது கொஞ்சம் தளரும், அது உண்மை, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறும்போதுதான் சம்பளம் நிஜமாவே ஏறும். ஆனா அந்த மாறுதலே வார்டுக்கு வேற ஒரு பிரச்சினையைக் கொண்டு வருது.

2010ல கேரல் ப்ராப்பர், ஜான் வான் ரீனன் குழுவோட ஒரு ஆராய்ச்சி வந்தது, இந்த விஷயத்துல நான் படிச்சதுலயே மனசை உறுத்தினது அதுதான். இங்கிலாந்துல நர்ஸ் சம்பளம் நாடு பூரா கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆனா மத்த வேலைகளுக்கு கெடைக்கற சம்பளம் ஏரியாவுக்கு ஏரியா மாறும். வெளிச் சம்பளம் ரொம்ப அதிகமா இருக்கற ஏரியாவுல, அதாவது வாழ்றதுக்கு காசு அதிகமா தேவைப்படற ஏரியாவுல, ஆஸ்பத்திரிகளுக்கு நிரந்தர நர்ஸ் கெடைக்கறது கஷ்டம், ஏஜென்சி மூலமா தற்காலிகமா ஆள் எடுத்து ஓட்டறாங்க, அங்க மாரடைப்புன்னு அட்மிட் ஆகறவங்கள்ல சாவு விகிதம் கூடுதலா இருக்குன்னு காட்டுனாங்க. ஏஜென்சி நர்ஸ் மோசமான நர்ஸ் இல்லை, பல பேரு நம்மளை விட அனுபவசாலிங்க. ஆனா அந்த வார்டுல இதயத்துக்கு ஷாக் கொடுக்கற டீஃபிப்ரிலேட்டர் எந்த மூலைல இருக்கு, இந்த டாக்டருக்கு எந்த நம்பர்ல போட்டா எடுப்பாரு, ஸ்டாக் தீந்தா ராத்திரி எங்க கேக்கணும்னு தெரியறதுக்கு அங்கயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கணும்.

இப்ப இதையே ஒரு புது நர்ஸோட கண்ணுல பாருங்க. செலவு அதிகமான சிட்டில யாரு தாக்குப் பிடிக்கறாங்க? நாலு பேரோட ரூமைப் பங்கு போட்டுக்கிட்டு ஒரு பெட்டியோட வாழத் தயாரா இருக்கற ஃப்ரெஷர். இல்லைன்னா இருபது வருஷம் முன்னாடி விலை குறைவா இருந்தப்பவே வீடு வாங்கிட்ட மூத்தவங்க. நடுவுல இருக்கறவங்க, அஞ்சுலேர்ந்து பத்து வருஷ அனுபவம், கல்யாணம் ஆகி குழந்தை பொறந்திருக்கும், இனிமே ஒரு கட்டில் போதாது, ஸ்கூல் ஃபீஸ் வேற, அவங்கதான் முதல்ல கிளம்பறாங்க. சின்ன ஊருக்கு போயிடறாங்க, இல்லை வெளிநாடு, இல்லை பெட் பக்கத்து வேலையே வேண்டாம்னு இன்சூரன்ஸ், மெடிக்கல் கோடிங், டீச்சிங்னு போயிடறாங்க. போறதுக்கு இடமும் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2025ல வெளியிட்ட கணக்குப்படி 2023ல உலகத்துல 2 கோடியே 98 லட்சம் நர்ஸுங்க இருந்தாங்க, அப்பவும் 58 லட்சம் பேரு பத்தலை, ஏழுல ஒரு நர்ஸ் பொறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல வேலை பாக்கறவங்க, பணக்கார நாடுகள்ல அது 23 சதவீதம். அனுபவம் உள்ள ஆளை எல்லாரும் இழுக்கறாங்க, அனுபவமே இல்லாத உங்களை யாரும் இழுக்கலை, நீங்க வார்டுல தனியா நிக்கறீங்க.

இந்த நடு அடுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்னா, 1984ல பாட்ரிசியா பென்னர்ங்கற நர்சிங் ஆராய்ச்சியாளர் நர்ஸோட தெறமை எப்படி வளருதுன்னு அஞ்சு படியா பிரிச்சுக் காட்டுனாங்க, செஸ் ஆடறவங்களையும் விமானம் ஓட்டறவங்களையும் வச்சு ட்ரைஃபஸ் சகோதரர்கள் சொன்ன ஒரு மாதிரியை நர்சிங்குக்கு எடுத்துக்கிட்டு. படிச்சு முடிச்சு வெளிய வர்றவங்க ரெண்டாவது படில இருப்பாங்க, மூணாவது படிக்கு, அதாவது வேலையை தானா ஒழுங்கு பண்ணி எதை முதல்ல செய்யணும்னு முடிவெடுக்கற படிக்கு வர்றதுக்கு, ஒரே மாதிரி இடத்துல ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு அவங்க சொன்னாங்க. ஒரே மாதிரி இடத்துலங்கறதை கவனிங்க, ஆறு மாசத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி மாத்திக்கிட்டே இருந்தா அந்த கடிகாரம் ஒழுங்கா ஓடாது.

ரெண்டாவது படில இருக்கறவங்களுக்கு நம்பர் தெரியும், படம் தெரியாது. பிபி ஓகே, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 94, டெம்பரேச்சர் இல்லை, சார்ட்ல எழுதியாச்சு, அடுத்த பெட். அந்த நேரம் பக்கத்துல போற ஒரு ஆறு வருஷ சீனியர் கட்டில் காலடில ஒரு நிமிஷம் நின்னு, "இவரு காலைல இப்படி இல்லையே, மூச்சு எண்ணிப் பாத்தியா"ன்னு கேப்பாங்க. நீங்க எண்ணியிருக்க மாட்டீங்க, 16ன்னு எழுதியிருப்பீங்க, எண்ணிப் பாத்தா 28. இந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்களுக்கு சீனியர் வேணும். இருபது வருஷம் ஆன இன்சார்ஜ் சிஸ்டருக்கு இது தெரியாதான்னா தெரியும், ஆனா அவங்க ரோஸ்டர், கம்ப்ளெயின்ட், ஆடிட்னு ஆபீஸ் ரூம்ல மாட்டிக்கிட்டு இருப்பாங்க, அதுவும் இல்லாம ரொம்ப அனுபவம் ஆனவங்களுக்கு பாத்ததும் தெரியும், எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லத் தெரியாது. அஞ்சாறு வருஷக்காரங்களுக்கு தான் தடுமாறுனது இன்னும் ஞாபகம் இருக்கும், அதனால சொல்லித் தர வரும்.

1974ல மார்லின் க்ரேமர்ங்கற இன்னொரு நர்சிங் ஆராய்ச்சியாளர் இந்த முதல் வருஷத்துக்கு ரியாலிட்டி ஷாக்னே பேரு வச்சாங்க. முதல்ல தேனிலவு மாதிரி கொஞ்ச நாள், அப்புறம் காலேஜ்ல சொன்னதும் வார்டுல நடக்கறதும் ஒட்டாதப்ப வர்ற அதிர்ச்சியும் கோவமும், அதுக்கு அப்புறம் மெதுவா தெளியறது. இது ஊருக்கு ஊர் மாறாது, யாருக்கும் வரும். சிட்டில ஒரே வித்தியாசம், அந்த அதிர்ச்சி வர்ற மாசமும் ரூம் அட்வான்ஸுக்கு வாங்குன கடன் நெருக்கற மாசமும் ஒண்ணா வந்து நிக்கும்.

பேஷன்ட் எண்ணிக்கைக்கு வருவோம். 2002ல லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியால 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து ஆய்வு பண்ணாங்க, ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல ஆபரேஷன் பேஷன்ட்ஸ். ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷன்ட் கூடும்போது, 30 நாளுக்குள்ள பேஷன்ட் சாகற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுது, நர்ஸ் மனசு ஒடிஞ்சு எரிஞ்சு போற வாய்ப்பு 23 சதவீதம் ஏறுது. கலிபோர்னியால 1999ல சட்டம் போட்டு 2004ல நடைமுறைக்கு கொண்டு வந்துட்டாங்க, ஐசியூல ரெண்டு பேஷன்டுக்கு ஒரு நர்ஸ், பொது மெடிக்கல் சர்ஜிக்கல் வார்டுல 2005லேர்ந்து அஞ்சுக்கு ஒருத்தர். கலிபோர்னியா சிட்டிங்க எல்லாம் பயங்கர செலவு, ஆனா அமெரிக்காவுலயே நர்ஸ் சம்பளம் அதிகமா இருக்கற மாநிலமும் அதுதான், யூனியன் பலமா இருக்கு, சட்டம் இருக்கு. அதனால செலவு அதிகமான ஊர்னாலே நர்ஸ் நசுங்கித்தான் ஆகணும்னு விதி எதுவும் இல்லை, சட்டம் இல்லாத இடத்துல நசுக்கறது சுலபமா இருக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது தூக்கம், இதை யாரும் பட்ஜெட்ல போடறதே இல்லை. காலை 7.30லேர்ந்து ராத்திரி 7.30 வரை ஷிப்ட்னு வச்சுக்கங்க. ரூம் ஒன்றரை மணி நேரம் தூரம், ஏன்னா அங்கதான் வாடகை கட்டுப்படியாச்சு. காலைல 5 மணிக்கு எந்திரிச்சு 6க்கு கிளம்பணும், சாயந்திரம் ஹேண்ட் ஓவர், அதாவது அடுத்த ஷிப்ட்காரங்ககிட்ட பேஷன்ட் விவரம் சொல்லி ஒப்படைக்கறது, முடிய 8 ஆகும், ரூம் வந்து சேர 9.30. எந்திரிச்சு 16 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் குளிக்கணும் சாப்பிடணும், மறுபடி 5க்கு அலாரம். 1997ல டாசன், ரீட்னு ரெண்டு பேரு பண்ண ஆய்வுல 17 மணி நேரம் முழிச்சிருந்தா கையும் மூளையும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க மாதிரி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாங்க, பல நாட்டுல அதுதான் வண்டி ஓட்டக் கூடாதுங்கற எல்லை. 24 மணி நேரம்னா அது 0.10 கிட்ட. முதல் நைட் டியூட்டி போறவங்க காலைல 9க்கு எந்திரிச்சிருந்தா மறுநாள் காலைல பஸ்ல வரும்போது அந்த நெலமைதான், நான் ரெண்டு தடவை கடைசி ஸ்டாப் வரைக்கும் தூங்கிட்டே போயிருக்கேன், யூனிஃபார்ம் பாத்துட்டு கண்டக்டர் எழுப்பலை, பாவம்னு விட்டுட்டாராம்.

பஸ்ல தூங்கறது பரவாயில்லை, மருந்து டோஸ் கணக்கு போடும்போது அதே மூளைதான். 2004ல அமெரிக்காவுல 393 நர்ஸுங்க எழுதி வச்ச குறிப்பேடுகளை வச்சு ஆன் ராஜர்ஸ் குழு பாத்ததுல, பன்னண்டரை மணி நேரத்துக்கு மேல வேலை பாக்கும்போது தப்பு நடக்கற வாய்ப்பு மூணு மடங்கு ஆச்சு. இராத்திரி ஷிப்ட் வேலையை புற்றுநோய் வர வைக்க வாய்ப்பு உள்ளதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி 2007ல வகைப்படுத்தி 2019ல மறுபடியும் அதையே உறுதி பண்ணுச்சு. பயமுறுத்தறதுக்கு சொல்லலை, டபுள் டியூட்டி பாத்தா வாடகை கட்டிடலாம்ங்கற கணக்கை போடறதுக்கு முன்னாடி இதையும் ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்கங்கன்னுதான்.

அதனால முதல் வருஷம் மட்டும் ரூம் சின்னதா இருந்தாலும், பங்கு போட்டாலும், நடந்து போற தூரத்துல எடுங்கன்னுதான் நான் சொல்வேன். தூரமா எடுத்து மிச்சம் பிடிக்கற காசு ரெண்டாவது வருஷம் பிடிச்சுக்கலாம், அப்ப கை பழகியிருக்கும், பாதித் தூக்கத்துலயும் தப்பு பண்ணாம இருக்க ஓரளவு வரும். பங்கு போடறது யாரோடங்கறதும் முக்கியம், ஆபீஸ் போறவங்களோட இருந்தா நீங்க பகல்ல தூங்கும்போது அவங்க லீவு நாள்ல டிவி போடுவாங்க, அவங்க தூங்கும்போது நீங்க குக்கர் வைப்பீங்க, சண்டைதான். இன்னொரு நர்ஸோட இருங்க, முடிஞ்சா வேற வார்டு நர்ஸா இருக்கட்டும், ரூம்லயும் அதே இன்சார்ஜைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. முதல் சம்பளம் வர தாமதமாகும், லைசன்ஸ் பதிவு இழுக்கும், அதனால மூணு மாசச் செலவு கையில இல்லாம கிளம்பாதீங்க. இத்தனை வருஷம் இங்கயே வேலை பாக்கறேன்ங்கற பாண்ட்ல கையெழுத்து கேட்டா, நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்ங்கற வரியை மட்டுமாவது ரெண்டு தடவை படிங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க.

இவ்வளவு சொல்லிட்டு சிட்டிக்கே போகாதீங்கன்னு சொல்ல வர்றேன்னு நெனைக்காதீங்க. டிரான்ஸ்பிளான்ட், தீக்காய யூனிட், பிறந்த குழந்தைகள் ஐசியூ, டயாலிசிஸ், ட்ராமான்னு சொல்ற விபத்துக் காயப் பிரிவு எல்லாம் அங்கதான் குவிஞ்சு கெடக்கு, சின்ன ஊர்ல வருஷத்துக்கு ஒண்ணு பாக்கற கேஸை இங்க வாரத்துக்கு ஒண்ணு பாப்பீங்க. எந்தப் பிரிவு நமக்கு ஒத்து வரும்னு தெரிஞ்சுக்கவும் அதைவிட நல்ல இடம் கெடையாது. கேள்வி சிட்டியா இல்லையாங்கறது இல்லை, எந்த வார்டுங்கறதுதான்.

அதைக் கண்டுபிடிக்க இன்டர்வியூல சம்பளத்தோட சேத்து வேற நாலு விஷயம் கேளுங்க. இந்த வார்டுல அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க எத்தனை பேரு. போன வருஷம் சேர்ந்த ஃப்ரெஷர்ஸ்ல இப்ப எத்தனை பேரு இருக்காங்க. நைட்ல எனக்கு எத்தனை பெட், ஒருத்தர் லீவ் போட்டா அந்த பெட் யாருக்குப் போகும். தனியா பேஷன்ட் எடுக்க விடறதுக்கு முன்னாடி எத்தனை வாரம் ஒரு சீனியரோட நிக்க விடுவீங்க. பதிலை விட பதில் சொல்ற விதத்தைப் பாருங்க, நம்பர் டக்குன்னு வந்தா அவங்க அதை யோசிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், "எல்லாம் போகப் போக பழகிடும்மா"ன்னு சிரிச்சா அங்க பழகறதுக்கு நேரம் கொடுக்க மாட்டாங்கன்னு வச்சுக்கலாம். முடிஞ்சா ஷிப்ட் மாறுற நேரத்துல அந்த வார்டு வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, ஹேண்ட் ஓவர் பேஷன்ட் பக்கத்துல நின்னு நடக்குதா, இல்லை லிஃப்ட்கிட்ட ஓடிக்கிட்டே நடக்குதான்னு பாத்தா பாதி தெரிஞ்சுடும்.

நல்ல வார்டு அமையலை, சேர்ந்தாச்சு, சீனியரே இல்லைன்னா? அப்ப அறிவை வேற இடத்துல இருந்து சேக்கணும். பக்கத்து வார்டு சீனியரை டீ டைம்ல பிடிங்க. ஃபார்மசில கேள்வி கேக்க கூச்சப்படாதீங்க, அவங்ககிட்ட யாரும் கேக்கறதே இல்லை, கேட்டா சந்தோஷமா சொல்வாங்க. வார்டு அட்டெண்டர் பல இடத்துல பதினஞ்சு இருபது வருஷம் அங்கயே இருப்பாங்க, மருந்து தெரியாது, ஆனா எந்த பேஷன்ட் நெலமை ராத்திரி மோசமாகப் போகுதுன்னு அவங்க வாசனை பிடிக்கறதை நான் நேர்ல பாத்திருக்கேன். ஏஜென்சில வர்றவங்க பத்து ஆஸ்பத்திரி பாத்தவங்க, அந்த ஒரு ஷிப்ட்ல அவங்ககிட்ட ஒரு விஷயமாவது கத்துக்கங்க. டாக்டருக்கு ராத்திரி போன் பண்ண பயமா இருந்தா எஸ்பிஏஆர் முறைல நாலு வரி எழுதி வச்சுட்டு பண்ணுங்க, இப்ப என்ன நடக்குது, பேஷன்ட் யாரு என்ன கேஸு, நான் என்ன நெனைக்கறேன், நீங்க என்ன செய்யணும். அது அமெரிக்க கடற்படையோட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை.

இன்னொன்னு, இது கட்டாயம் நடக்கும். ஒரு வருஷம்கூட முடிஞ்சிருக்காது, ஒருநாள் காலைல இன்சார்ஜ் சிஸ்டர் புதுசா சேர்ந்த ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து "இவங்களுக்கு நீ சொல்லிக் கொடு"ன்னு உங்ககிட்ட விட்டுட்டுப் போவாங்க. பெருமையாத்தான் இருக்கும், திரும்பிப் பாத்தா அந்த ஷிப்ட்ல உங்களை விட சீனியர் யாரும் இருக்க மாட்டாங்க. முடியாதுன்னு சொல்ல வேண்டாம், "சரி சிஸ்டர், அப்ப இன்னைக்கு எனக்கு ரெண்டு பெட் குறைச்சுப் போடுங்க"ன்னு கேளுங்க.